கடைசியில் ஜெனீவா

விலார் ஃபுர்மோசு ரயில் நிலையத்துக் காப்பிக் கடையில் தெயோலிந்தா முப்பத்தொன்பது வருஷம் நின்றாள். போர்த்துகல் முடிந்து ஸ்பெயின் தொடங்குகிற இடம் அது. பிரான்சுக்கும் சுவிஸுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் பாஸ்போர்ட்டைக் காட்ட அங்கே இறங்குவார்கள். அழுதுகொண்டே காப்பி குடிப்பவர்களிடம் அவள் காசு வாங்குவதில்லை என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பொய். வாங்குவாள், சீனிப் பொட்டலத்தைக் கூட இரண்டு வைப்பாள், அவ்வளவுதான்.

அப்படி ரயிலேறிப் போனவர்களில் அவளுடைய கூடப்பிறந்தவர்களும் உண்டு. அம்மா இறந்த வருஷமே அக்கா லுசீலியா லக்சம்பர்க்குக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். தம்பி அதெலினோவுக்கு அப்போது நாலு வயது, தெயோலிந்தாவுக்குப் பதினைந்து. குளிப்பாட்டி, பேன் பார்த்து, பள்ளிக்கூடம் அனுப்பி அவனை ஆளாக்கியவள் அவள்தான். இருபது வயதில் அவனும் ஜெனீவாவுக்குக் கட்டட வேலைக்குப் போனான். பக்கவாதத்தில் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொள்ள அவள் நின்றுவிட்டாள். அப்பா கண்மூடியபோது அவளுக்கு நாற்பத்தாறு. கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கவில்லை, அவளும்தான்.

அறுபத்தொன்பதாவது வயதில் அவளுக்குப் பயணம் வாய்த்தது. லுசீலியாவின் மகள் போன் செய்தாள். "சித்தி, அம்மாவுக்கு ஞாபகம் போயிட்டே இருக்கு. உங்கள அடையாளம் தெரியணும்னா இந்த வருஷமே வந்துருங்க." காதில் அறுவை சிகிச்சை ஆனதிலிருந்து விமானம் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ரயில்தான்.

அதே நிலையத்தில் முப்பது வருஷம் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்ற எர்குலானு, ஐரோப்பா வரைபடத்தை அவள் சமையலறை மேசையில் விரித்தார்.

"ஒரே பாஸ், எல்லா நாட்டுக்கும் செல்லும். நம்ம வயசுக்குத் தள்ளுபடி வேற. சொந்த நாட்டுக்குள்ள மட்டும் போக ஒரு தடவ, வர ஒரு தடவதான். நமக்கு அந்தக் கவலையும் இல்ல, இங்கேருந்து ஸ்பெயினுக்குத்தான் ரயிலே இல்லையே!"

கொரோனா வந்த வருஷம் நின்ற ரயில் பிறகு வரவில்லை. அதைச் சொல்லும்போதெல்லாம் சிரிக்கிற மாதிரிதான் சொல்வார்.

"சலமாங்கா வரைக்கும் நான் கார்ல கொண்டு விடுறேன். ஒரு மாசத்துக்குள்ள நாலு நாள் ஏறலாம்னு ஒரு பாஸ் இருக்கு, ஏழு நாள்னு ஒண்ணு இருக்கு. நீ ஏழு வாங்கு. மொதல்ல ஜெனீவா போ. தம்பியப் பாத்துட்டு அக்காகிட்டப் போ. வரும்போதும் ரயில்லயே வந்துரு."

"எதுக்கு ஏழு? ஆகஸ்டுல தம்பி கார எடுத்துக்கிட்டு ஊருக்கு வரான். 'என்கூடவே வந்துரு அக்கா'ன்னு சொல்லிட்டான். அப்ப அவன்தானே கடைசியில வரணும்? நீயே எண்ணிப் பாரு. சலமாங்காலேருந்து இரூன் ஒண்ணு, பாரீஸ் ரெண்டு, லக்சம்பர்க் மூணு, ஜெனீவா நாலு. எனக்குன்னே தச்ச சட்டை மாதிரி இருக்கு."

"அவன் குரல் எனக்குப் பிடிக்கல தெயோலிந்தா. போன வாரம் பேசினேன். ஒரு வார்த்தைக்கு ரெண்டு மூச்சு வாங்குறான்."

"வயித்துப் புண்ணாம். சொன்னான்."

"முப்பது வருஷம் டிக்கெட் குடுத்தவன் சொல்றேன், கேளு."

"முப்பது வருஷமும் ஜன்னலுக்குப் பின்னாலயே உக்காந்திருந்த. நீ எழுந்து போன தூரம் கக்கூஸ் வரைக்கும்தான். பெரிசா வழி சொல்ல வந்துட்டாரு!"

அவர் சிரித்துவிட்டு நாலு நாள் பாஸையே அவள் போனில் ஏற்றிக் கொடுத்தார். கணக்கு போக இன்னொரு காரணமும் அவளிடம் இருந்தது. அதை அவள் சொல்லவில்லை. தட்டில் பிடித்ததை ஓரமாய் ஒதுக்கி வைத்துக் கடைசியில் நிதானமாகச் சாப்பிடுகிறவள் அவள்.

ஜூலையில் கிளம்பினாள். பையில் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, தொத்திறைச்சி, சீமை மாதுளை அல்வா. பாஸ் இருந்தாலும் பிரான்சின் வேக ரயில்களுக்கு இருக்கையைத் தனியாகப் பதிய வேண்டும். பாஸ்காரர்களுக்கான இடம் தீர்ந்துபோனதால் எல்லையூர் இரூனில் ஒரு நாள் காத்துக் கிடந்தாள். சாயங்காலம் தவறாமல் தம்பிக்குப் போன் செய்தாள்.

"எந்தப் பக்கம் சீட்டுக்கா?"

"வலது பக்கம்டா."

"அப்ப நாளைக்குக் கடல் தெரியாது. இடது பக்கத்துக்காரன்கிட்ட மாத்திக் கேளு."

"எனக்கெங்கடா பிரெஞ்சு தெரியும்?"

"அழு. சீனி வெப்பாங்க."

இருவரும் சிரித்தார்கள். அவன் சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. குளிர்பானம் குடித்திருப்பான் என்று திட்டிவிட்டு வைத்தாள்.

லக்சம்பர்க்கில் லுசீலியா அவளை அடையாளம் காணவில்லை. "மதாம்" என்று பிரெஞ்சில் மரியாதையாகக் கூப்பிட்டு, உட்காரச் சொல்லி, யார் வீட்டிலிருந்து வந்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். இரண்டு நாளும் அதே கேள்விதான். மூன்றாம் நாள் காலையில் இருவரும் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது லுசீலியாவின் கை சட்டென்று நின்றது.

"லிந்தா, தோலை இவ்வளவு தடிமனாவா சீவுவ? அம்மா பாத்தா கொன்னுடுவா."

ஐம்பத்து நாலு வருஷமாகக் கேட்காத குரல். தெயோலிந்தா கத்தியைக் கீழே வைத்துவிட்டு அக்காவின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். கால் மணி நேரம் இருக்கும், அவ்வளவுதான். பிறகு மறுபடியும் மதாம்.

அன்றுதான் ஜெனீவாவுக்குக் கிளம்புவதாக இருந்தது. தம்பிக்குப் போன் செய்தாள்.

"ரெண்டு நாள் இருந்துட்டு வரட்டுமாடா? அக்காவுக்கு இன்னொரு தடவ ஞாபகம் வந்தாலும் வரும்."

"இருந்துட்டு வாக்கா. பாஸ்ல நாள் குறையாதுல்ல?"

"ஏறின நாள்தான் கணக்கு. ஒரு மாசத்துக்குள்ள எப்ப வேணா ஏறலாம்."

"அப்புறமென்ன? நான் எங்கயும் போயிடல."

மறுநாள் பகல் சாப்பாட்டு நேரத்தில் அதெலினோவின் மனைவி ஓதில் அழைத்தாள். சுவிஸ்காரி, போர்த்துகீசியம் உடைந்து உடைந்துதான் வரும்.

"அண்ணி... இன்னிக்குக் காலையில. ஆஸ்பத்திரியில. பதினோரு நாளா அங்கதான் இருந்தாரு. உங்க போன் எல்லாமே படுக்கையிலேருந்துதான் பேசினாரு."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொல்ல விடல. சொன்னா நேரா இங்க ஓடி வந்துருவா, லுசீலியாவைப் பாக்காமயே போயிடுவான்னாரு."

நாலாவது நாளை அவள் அப்படித்தான் உபயோகித்தாள். ஸ்ட்ராஸ்பூர், பாசல் என்று மாறி மாறிப் போனாள். பரிசோதகர் போனைப் பார்த்துவிட்டு, இனிய பயணமாகட்டும் என்றார். அவள் நன்றி சொன்னாள். சொன்னதை நினைத்து அடுத்த நிலையம் வரை அழுதாள்.

ஜெனீவாவில் அவனைப் பார்த்தபோது கன்னத்து எலும்பு இரண்டும் அப்பாவுடையவை போல இருந்தன. வார்டு நர்ஸ் போர்த்துகல்காரி. அவள் தெயோலிந்தாவின் தோளைத் தொட்டுச் சொன்னாள்: "தினம் எங்களுக்கெல்லாம் செய்தி சொல்வாருங்க. 'எங்கக்கா இப்ப பொர்தோ தாண்டியிருப்பா, அங்க காப்பி நல்லாயில்லன்னு சண்டை போட்டுக்கிட்டிருப்பா'ன்னு."

ஊருக்குக் கொண்டுபோய் அம்மா அப்பா பக்கத்தில் வைக்கலாமா என்று கேட்க வாய் வரை வந்தது. அவனுடைய இரண்டு மகன்களும் ஓதிலை நடுவில் விட்டு நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க இங்கேதானே இடம் வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டாள். ஜெனீவாவிலேயே அடக்கம் நடந்தது.

விடுமுறைக்கு ஊர் திரும்புகிறவர்களின் பேருந்தில் ஒன்றரை நாள் உட்கார்ந்து வந்தாள். நிறுத்தத்தில் எர்குலானு நின்றிருந்தார்.

"சொல்லு," என்றாள். "ஏழு நாள் வாங்குன்னு சொன்னேன்ல, மொதல்ல ஜெனீவா போன்னு சொன்னேன்லன்னு சொல்லு."

அவர் பையை வாங்கிக்கொண்டார். "சூப்பு வெச்சிருக்கேன். வா."

"சொல்லுய்யா!"

"நீ மொதல்ல அங்க வர வேணாம்னு அவனே நினைச்சிருக்கான். நான் என்னத்தச் சொல்ல?"

நடுத்தெருவில் நின்று அவள் அழுதாள். அவர் பக்கத்தில் பையோடு நின்றுகொண்டிருந்தார்.

லுசீலியா அடுத்த வசந்தம் வரை இருந்தாள். அதெலினோவைப் பற்றி அவளிடம் யாரும் சொல்லவில்லை. தெயோலிந்தா ஞாயிறுதோறும் போன் செய்வாள். பெரும்பாலும் மதாம்தான். சில வாரம் மட்டும் அந்தப் பழைய குரல் வரும்.

"லிந்தா, சின்னவன் எங்க? உங்கூடத்தான இருக்கான்?"

"இங்கதான்க்கா. சாப்பிட்டுக்கிட்டிருக்கான்."

"நல்லா போடு. எலும்பும் தோலுமா இருந்தான்."

"போடுறேன்க்கா," என்பாள் தெயோலிந்தா.