தம்பி படத்துக்கு வந்த வாழ்த்து

போன ஐப்பசியில் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் நடந்தது இது. நான் வேன் ஓட்டுகிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. இது நடப்பதற்கு முந்தைய வருடம் இங்கே ஒரு கல்லூரியில் ஆற்று மீன்களைப் பற்றிக் கருத்தரங்கு நடந்தது. வெளியூர்ப் பேராசிரியர்களை ஸ்டேஷனிலிருந்து கூட்டிவருவதற்காக என்னையும் அவர்களுடைய வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்தார்கள்.

கருத்தரங்கு இரண்டே நாளில் முடிந்தது. குரூப் முடியவில்லை. ஒருவர் மீன் படத்தைப் போட்டு, இது என்ன இனம் என்று கேட்பார். இன்னொருவர் எங்கே வேலை காலி என்று சொல்வார். யாருக்காவது விருது கிடைத்தால் படம் வரும், வரிசையாக வாழ்த்துகள் விழும். இரண்டு நாள் பழக்கத்தில் எப்படி இவ்வளவு பேசுகிறார்கள் என்று எனக்குப் புரியவே இல்லை. ஆனாலும் தினமும் பார்ப்பேன்.

அப்போதுதான் என் தம்பி மஞ்சள்காமாலையில் இறந்துபோனான். கண்ணீர் அஞ்சலி படத்தை, என் போனில் இருந்த எல்லா குரூப்புக்கும் என் அத்தை மகன் அனுப்பிவிட்டான். மறுநாள் அவனே போனைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"ஏலே, இங்கன பாரு. செத்தவனுக்கு வாழ்த்து சொல்லுதானுவ! இவனுவல்லாம் படிச்சவனுவளா?"

ஒரு கல்யாணத்தில் தம்பி இரவல் கோட் போட்டு எடுத்த போட்டோ அது. பட்டம் வாங்கியவன் மாதிரியே சிரித்துக்கொண்டிருந்தான். கீழே மூன்று வாழ்த்துகள், ஒரு பூங்கொத்து. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே அழுகையும் வந்தது. கோபப்பட வேண்டுமா என்றுகூடத் தெரியவில்லை.

"அந்த குரூப்ப விட்டு வெளிய வாலே. அவனுவளுக்கும் நமக்கும் என்ன?" என்றான்.

வெளியேறத்தான் போனை வாங்கினேன். அதற்குள் ஓர் அழைப்பு. வாழ்த்து போட்டவர்களில் ஒருவர், கோயம்புத்தூர்ப் பேராசிரியர்.

"மன்னிச்சிருங்க தம்பி. விருதுப் படம்னு நெனச்சு, எழுத்தைப் படிக்காமயே போட்டுட்டேனுங்க." என்றார்.

"பரவால்ல சார்" என்றேன். அவர் வைக்கவில்லை.

"உங்க தம்பி எப்படிங்க? நல்லாப் பேசுவாருங்களா?"

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் என்ன நோய், எந்த ஆஸ்பத்திரி என்றுதான் கேட்டிருந்தார்கள். இதை ஒருவரும் கேட்கவில்லை. அண்ணனான நான் தண்ணீருக்குப் பயந்து படித்துறையிலேயே நிற்பேன், அவன்தான் என்னைப் பிடித்து இழுத்து ஆற்றில் நீந்தப் பழக்கினான் என்று ஆரம்பித்தேன். பிறகு நிறுத்த முடியவில்லை.

குரூப்பை விட்டு நான் வெளியேறவில்லை. என்னை ஸ்டேஷனிலிருந்து கல்லூரி வரைக்கும்தான் அவருக்குத் தெரியும், என் தம்பியை அவர் பார்த்ததே இல்லை. அவர் எனக்கு என்ன உறவு என்று இன்னமும் விளங்கவில்லை, ஆனால் அம்மாவிடம்கூட அழ முடியாத அழுகையை அன்றைக்கு அவரிடம்தான் அழுதேன்.