வெற்றுப் பக்கம்

கம்ப்யூட்டர் படித்துவிட்டு, கஹவத்தையில் ஒரு ஃபேக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். தேயிலைத் தோட்டத்துக்குக் குடிதண்ணீர் கொடுத்தாயிற்று, பத்திரிகைகள்தான் பொய் எழுதுகின்றன என்று அமைச்சர் மேடையில் சீறிய மறுநாள், எங்கள் தோட்டத்து நிருபர் அண்ணன் காய்ந்து கிடக்கும் குழாய்களைப் பற்றி எழுதிக் கொண்டுவந்தார். வாசலில் அமைச்சரின் ஆட்கள் நின்றார்கள். பயத்தில், எழுதிய பக்கம் மறைய, தாளை மெஷினில் திருப்பி வைத்தேன். பத்திரிகைக்கு வெற்றுப் பக்கம் போனது. போய்ச் சேர்ந்ததாக மெஷின் தந்த துண்டை அவரிடம் நீட்டினேன்.

அடுத்த நாள் வந்தார்.

"வெறுந்தாள்தான் வந்துச்சாம், தங்கச்சி. மெஷின் கோளாறுன்னு சொல்லிட்டேன்."

திருப்பி வைத்தது நான்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"குடுங்கண்ணே, இப்பவே அனுப்புறேன்."

"வேணாம்மா, ஒனக்கு எதுக்குக் கரைச்சல்?"

பஸ் ஏறி இரத்தினபுரிக்குப் போய் அனுப்பினார். செய்தி வந்தது.

இன்றும் அங்கேதான் போகிறார். யார் வந்தாலும் பக்கத்தையும் எண்ணையும் சரிபார்த்தே இப்போது அனுப்புகிறேன், துண்டையும் பார்த்தே நீட்டுகிறேன். எதிரே அவர் பஸ்ஸுக்கு நிற்கும்போதெல்லாம், ஒருமுறை உள்ளே வரமாட்டாரா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.