மஞ்சள் வாலில் இருந்த பழைய இலக்கம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது துடைப்பம் பிடித்துப் பழகிய கை. பேனை பிடித்தால் எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். படித்தது ஐந்தாம் வகுப்பு மட்டும். மறதியும் வந்துவிட்டது. நேற்று வாங்கிய மருந்தை இன்று தேடுகிறேன். எது முன்னே நடந்தது, எது பின்னே நடந்தது என்பதில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதில் ஒரு விஷயத்தை மட்டும் நான் மறக்கவில்லை. மறந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

இத்தாலியில், பலேர்மோத் துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் ஒரு நாலாம் மாடி வீட்டில் பல வருடம் வேலை செய்தேன். அங்கே ஒரு இத்தாலிய ஐயா, சிஞ்ஞோர் என்றுதான் கூப்பிடுவேன், தனியாக இருந்தார். மனைவி இறந்துவிட்டார். ஒரே மகள் ஜெனோவாவில். விமானம் திருத்தும் வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு கோப்பை வைக்கவும் இடம் இருக்காது. முழுக்கக் கடதாசி. எல்லாம் பழைய அமெரிக்க விமானங்களைப் பற்றியது. மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு தட்டாகச் செட்டை வைத்த சின்ன விமானங்கள். காருக்கு இருப்பதுபோல அவற்றுக்கும் பதிவு இருக்கிறது. யார் வாங்கினார், யாருக்கு விற்றார், எங்கே விழுந்தது என்று அங்கே ஒரு கந்தோரில் எழுதி வைத்திருக்கிறார்கள். கேட்டால் பிரதி அனுப்புவார்கள். இவர் அவற்றை எடுத்து, ஒரு விமானத்துக்கு ஒரு அட்டை என்று, அதன் கதையை ஆதியிலிருந்து எழுதி அடுக்குவார். அப்படி ஒரு விமானம் வைத்திருக்கிறவர்கள் எங்கெங்கோ இருந்து இவருக்கு எழுதிக் கேட்பார்கள்.

முதல் இரண்டு வருடம் நான் அந்த அட்டைகளைச் சுற்றித் தூசி தட்டியதோடு சரி. ஒரு நாள் அவராகவே விளங்கப்படுத்தினார். வாலில் இருக்கும் இலக்கத்தை நம்பக் கூடாதாம். விமானம் கை மாறும்போது அதுவும் மாறலாம். ஒன்று அழிந்தால் அதன் இலக்கத்தை வேறொன்றுக்குக் கொடுத்தும் விடுவார்கள். செய்த இடத்தில் ஒரு சின்னத் தகட்டில் அடித்த இலக்கம்தான் மாறாதது. அவர் இத்தாலியனில் சொன்னார், நான் எங்களுடைய பேச்சில் எழுதுகிறேன்.

"என்ரை பெர்மெசோவும் அப்பிடித்தான் சிஞ்ஞோர்," என்றேன், இங்கே தங்கத் தரும் அனுமதி அட்டையை நினைத்து. "ஒவ்வொருக்காப் புதுப்பிக்கேக்கையும் புது இலக்கம். ஆள் நான்தானே."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "பிராவா!" என்றார், கெட்டிக்காரி என்று. பக்கத்துக் கதிரையில் இருந்த கடதாசிக் கட்டைத் தூக்கி நிலத்தில் வைத்துவிட்டு, இரு என்று கையைக் காட்டினார்.

நான் ஆட்களுக்கு முன்னால் வாய் திறக்கிறவள் இல்லை. கோயிலில் இருப்பது கடைசி வாங்கில். பெர்மெசோ புதுப்பிக்கும் பொலிஸ் கந்தோரில், குவெஸ்துராவில், நிலத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். அந்தக் கதிரையில் மட்டும் கதைத்தேன். பின்னேரம் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஒரு மணித்தியாலம், அது என்னுடைய நேரம்.

அவருக்கு ஆங்கிலம் தெரியும், கண்தான் தெரியாது. கடதாசிகளைக் கணினியில் பெரிதாக்கி ஒரு பக்கத்தை அரை நாள் வாசிப்பார். படங்களைப் பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகப் போய்விடும். அதனால் படத்தையும் உருப்பெருக்கிக் கண்ணாடியையும் என்னிடம் தந்து, "என்ன தெரியுது?" என்று கேட்பார். எப்போதும் அதே கேள்வி. எனக்கு இலக்கங்கள் தெரியும். வாலில் இருப்பதை ஒவ்வொன்றாகச் சொல்லுவேன். ஒரு நாள் ஒரு படத்தைப் பளபளப்பு விலகச் சரித்துப் பிடித்தபோது, வாலின் புது வர்ணத்துக்குக் கீழே வேறொரு இலக்கம் கிடந்தது. மேசை விரிப்பில் கறை போய்விட்டதா என்று நேரே பார்த்தால் தெரியாது. யன்னலடிக்குக் கொண்டுபோய்ச் சரித்தால்தான் காட்டிக்கொடுக்கும். அதைப்போலத்தான் இதுவும். பழைய இலக்கத்தின் விளிம்பு, துணிக்கு மடித்துத் தைத்த கரைபோல, மேல் வர்ணத்தில் மெல்லிசாக எழும்பி நின்றது. அன்றைக்கு அந்த விமானத்தின் அட்டையில் பழைய இலக்கத்தின் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு போடும் வேலையை அவர் என்னிடம் தந்தார்.

பிறகு எனக்கு முழங்கால் நோவு வந்தது. நிலம் உரஞ்சக் குனிந்தால் எழும்ப ஏலாது. பாரமான வேலைக்கு ஒரு ஆளை நானே தேடிக் கொடுக்காவிட்டால் அந்த வீட்டு வேலை கைவிட்டுப் போகும் என்று பயம். கோயிலில் ஒருத்தியைப் பிடித்தேன். வன்னிப் பக்கம், சண்டை முடிந்த பிறகு வந்தவள். பிரான்காச்சோவில் இருந்து பஸ் எடுத்து வருவாள். நாற்பது தாண்டியவள், எனக்கு அவள் ஒரு பெட்டைதான். ஊரில் சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆங்கிலம் படிப்பித்தவள் என்றும் சொன்னாள். அதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன்.

முதல் நாள் சுவரில் இருந்த படங்களைப் பார்த்துவிட்டு நின்றாள்.

"அன்ரி, இது குண்டு போடுறதோ?"

"இல்லைப் பிள்ளை. பூச்சிமருந்து அடிக்கிறது."

"மேலை நிண்டோ?"

"ஓம். முதல் ஆமிக்காரருக்கு விமானம் ஓடப் பழக்கினது. பேந்து வேண்டாமெண்டு தோட்டக்காரருக்கு வித்துப்போட்டாங்கள்."

"உங்களுக்கு எவ்வளவு தெரியுது அன்ரி!"

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. தெரிந்த எல்லாவற்றையும் விசரி மாதிரி அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன்.

இரண்டாம் கிழமை, மேசைக் காலைத் துடைத்துக்கொண்டிருந்தவள் மேலே கிடந்த கடதாசி ஒன்றைக் குனிந்தபடியே வாசித்துவிட்டு, "சிஞ்ஞோர், இது வயலுக்கை விழுந்து கீழ்ச் செட்டை ரெண்டும் முறிஞ்சதாம்," என்றாள். அவர் முகம் மலர்ந்த மலர்ச்சி இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. அரை நாள் வேலையை அவள் ஒரு மூச்சில் முடித்துவிட்டாள். கதிரையில் இருந்த கடதாசிக் கட்டை இந்த முறை அவளுக்காகத் தூக்கி நிலத்தில் வைத்தார்.

அதன் பிறகு அவர் "ஒரு நிமிஷம் வா" என்று கூப்பிடுவார். அவளுடைய நிமிஷம் ஆறு மணி வரைக்கும் போகும். நான் நீளத் தடி பூட்டிய துடைப்பத்தோடு விறாந்தையில் நிற்பேன். யாரைப் பாரமான வேலைக்குக் கொண்டுவந்தேனோ அவள் கதிரையில், முழங்கால் போனவள் துடைப்பத்தோடு. குசினிக்குள் நின்று பிராவாக்களை எண்ணினேன். எனக்குக் கிழமைக்கு ஒன்று கிடைத்தது. அவளுக்கு ஒரு பின்னேரத்தில் மூன்று.

ஒரு நாள் அவர் குரல் கேட்டது. "வால் இலக்கம் உங்கடை பெர்மெசோ மாதிரி. அது மாறும், ஆள் மாறாது."

அது என்னுடைய கதை! தான் கண்டுபிடித்ததுபோல அவளுக்குச் சொல்கிறார். அவளும் சிரிக்கிறாள். கோப்பிக் கேத்தலை அடுப்பில் நான் வைத்த வேகத்தில் மூடி கழன்று உருண்டது.

"அன்ரி, என்ன விழுந்தது?"

"ஒண்டும் விழேல்லை. நீ வாசி."

பஸ் பிந்தினால் எனக்குச் சந்தோஷம். பஸ்காரர் வேலைநிறுத்தம் செய்த ஒரு நாள் நான் ஓடிப்போய்க் கதிரையில் இருந்தேன். அவர் படத்தைத் தரவில்லை. "அவ நாளைக்கு வருவாவோ?" என்று கேட்டார். அந்த ஞாயிறு பூசையில், அவளுக்கு வேறு நல்ல வீட்டில் வேலை கிடைக்க வேண்டும் என்று மன்றாடினேன். கடவுளுக்கு விளங்கியிருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் அமெரிக்காவில் இருந்து அந்தக் கடித உறை வந்தது. ஒரு வயதான மனிதர் எழுதியிருந்தார். மருந்து அடிக்கிற மஞ்சள் விமானம் ஒன்று, எத்தனையோ வருடம் ஒரு தானியக் கொட்டிலில் கிடந்ததை வாங்கியிருக்கிறார். அவருடைய தகப்பனும் அதே பக்கத்தில் அப்படி ஒரு விமானத்தில்தான் மருந்து அடித்தவராம். தகப்பன் இறந்துவிட்டார். தகப்பன் ஓட்டியதன் இலக்கம் ஒரு துண்டில் இருக்கிறது, கொட்டிலில் கிடந்ததன் வாலில் வேறு இலக்கம் இருக்கிறது. இது அப்பாவுடையதா, இல்லையா? அவ்வளவுதான் கேள்வி. நாலு படமும் வைத்திருந்தார், தகட்டின் படம் மட்டும் இல்லை.

பிரதிகள் வந்து சேர்ந்ததும் அவள் வாசித்தாள். தகப்பனின் விமானம் ஒரு வயலில் விழுந்து உடைந்துவிட்டதாம், பதிவை அழித்துவிட்டார்களாம். மற்றதற்கு வேறு பதிவு, வேறு ஆட்கள்.

"அப்ப இது அவரின்ரை அப்பான்ரை இல்லை," என்றாள். சிஞ்ஞோர் தலையாட்டினார்.

நான் கோப்பி கொண்டுபோன நேரம் அது. மேசை ஓரத்தில் அந்த விமானத்தின் வால் தெரிகிற படம் கிடந்தது. துறைமுகப் பக்க யன்னலால் வெயில் சரிந்து அதன் மேல் விழுந்தது. வாலில் இருந்த இலக்கத்துக்குக் கீழே ஒரு கரை எழும்பி நின்றது. நாலு. அதற்குப் பக்கத்தில் ஏழு. தகப்பனின் இலக்கம் நாலு, ஏழு என்று முடிவதை அவள் அப்போதுதான் இரண்டு தரம் வாசித்திருந்தாள்.

கோப்பையோடு நின்றேன். "என்ன தெரியுது?" என்று அவர் கேட்டால் சொல்லுவேன் என்று நின்றேன். ஒரு தரம் கேட்டால் போதும்.

"நன்றி. உதிலை வை," என்றார் அவர்.

வைத்துவிட்டுக் குசினிக்குப் போனேன்.

அன்றைக்கே பதில் போய்விட்டது. கொஞ்ச நாளில் அந்த மனிதர் நன்றி சொல்லி எழுதியதை அவள் வாசித்தது எனக்குக் கேட்டது. உங்கள் கடிதம் வரும்வரைக்கும் ஞாயிறு தோறும் போய் அதற்குள் ஏறி இருப்பேன், இனிப் போக மனம் வரவில்லை என்று எழுதியிருந்தார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. அவள் பிழை விட்டுவிட்டாள் என்பது எனக்கு மட்டும் தெரியும் என்ற நினைப்பு, ஒளித்து வைத்த இனிப்புப் போல இருந்தது.

அந்தக் குளிர்காலம் சிஞ்ஞோர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். மகள் வந்து அவரையும் அட்டைப் பெட்டிகளையும் கப்பலில் ஜெனோவாவுக்குக் கொண்டுபோனா. விருப்பமானதை எடுங்கள் என்று எங்களிடம் சொன்னா. அவள் ஒரு ஆங்கில அகராதியை எடுத்தாள். நான் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கேட்டு வாங்கினேன். அந்தப் படத்தையும் கடித உறையையும் கேட்காமலே செபப் புத்தகத்துக்குள் வைத்தேன்.

அதோடு செபம் போய்விட்டது. புத்தகத்தைத் திறந்தால் மஞ்சள் வால். ஜெனோவாவுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டேன். அவருக்கு இப்போது விமானங்கள் ஞாபகம் இல்லை, பலேர்மோக் கப்பல் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்கிறார் என்று மகள் சொன்னா. ஆகவே, சொல்லக்கூடியவள் ஒருத்திதான் மிஞ்சினாள். அவளிடம் போய்ச் சொல்வதைவிட அந்தப் படத்தைக் கிழிக்கலாம் என்று பல நாள் நினைத்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிய அவளை அல்பெர்கேரியாவில் இருக்கும் என் அறைக்குக் கூப்பிட்டேன். சந்தையால் கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வந்தாள். படத்தை அவள் முன்னால் வைத்துச் சொன்னேன்.

"அண்டைக்கே கண்டனீங்களோ அன்ரி?"

"ஓம்."

"பேந்து ஏன் சொல்லேல்லை?"

"என்னை ஆர் கேட்டது?"

கத்தரிக்காய்ப் பையை நிலத்தில் வைத்தாள். "அந்தக் கதிரைக்கோ அன்ரி? ஐயோ, நான் அதிலை இருந்தது நிலம் துடைக்கிற அலுப்பிலை. கேட்டிருந்தால் எழும்பித் தந்திருப்பன்."

"கேட்டு வாங்கிற கதிரையோ அது?"

அவள் தொலைபேசியில் படத்தைப் பிடித்து விரலால் பெரிதாக்கினாள். "ஒண்டும் தெரியேல்லையே."

"உதிலை தெரியாது. இஞ்சை தா."

யன்னலடியில் படத்தைச் சரித்துப் பிடித்தேன். அவள் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துக்கொண்டு, "என்ன தெரியுது?" என்றாள்.

அச்சாக அவருடைய குரல். அப்போதுதான் விளங்கியது, அவர் அவளிடமும் அப்படிக் கேட்டிருக்கிறார். வயிறு எரிந்தது. எரிந்தாலும் சொன்னேன்.

"நாலு. ஏழு."

"நாலு சரி. மற்றது எனக்கு ஒண்டு மாதிரிக் கிடக்கு."

"உன்ரை கண்ணுக்கு."

"சரி, ஏழெண்டே வைப்பம். எண்டாலும் அன்ரி, வால் மட்டும் அப்பான்ரையா இருக்கலாம். உடைஞ்சதிலை நல்லதைக் கழட்டி மற்றதிலை பூட்டுவினம் எண்டு சிஞ்ஞோர் சொல்லுறவர்."

அதை அவர் முதலில் சொன்னது எனக்குத்தான். "வால் எண்டாலும் தேப்பன்ரை வால்தானே. எழுது," என்றேன்.

உறையில் இருந்த விலாசத்துக்கு எழுதினாள். தமிழில் வாசித்துக் காட்டச் சொன்னேன். 'இதை அன்றைக்கே கண்டவர் இன்னொருவர், படம் பார்க்கிறவர் அவர்தான், நான் கடதாசி வாசிக்கிறவள்' என்று எழுதியிருந்தாள். வெட்கமாக இருந்தது, அதை எடு என்றேன். எடுக்கவில்லை. அவளுடைய ஆங்கில எழுத்து அடுக்கி வைத்த முத்துப்போல இருந்தது. அதற்கும் எரிச்சல்தான் வந்தது.

இன்னும் பதில் வரவில்லை. அந்த மனிதர் விமானத்தை விற்றுவிட்டாரோ தெரியாது. படத்தைப் பார்த்துப் பார்த்து, ஏழு தெரிகிறதா அல்லது ஏழாக இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேனா என்று எனக்கே இப்போது பிடிபடவில்லை. இதை வாசிக்கிற எங்களுடைய ஆட்கள் அமெரிக்காவிலும் இருக்கிறீர்கள். ஏதாவது ஒரு கொட்டிலில் இரட்டைச் செட்டை வைத்த மங்கிய மஞ்சள் விமானம் ஒன்றைக் கண்டால், தயவுசெய்து வாலைச் சரிபாருங்கள். தகட்டு இலக்கத்தையும் பாருங்கள், நான் எழுதியதில் வேறு பிழை இருந்தால் அதையும் திருத்துங்கள். ரோச் லைட்டை நேரே பிடிக்க வேண்டாம், பக்கத்தால் பிடியுங்கள். ஏழாக இருந்தால் முதலில் அந்த மகனிடம் சொல்லுங்கள், பிறகு எனக்கு. இலக்கம் ஒன்று என்றால் அவளிடம் மட்டும் சொன்னால் போதும்.