டீச்சர் மைக்குக்கு நான் போட்ட ஜாயின்ட்

முடிச்சூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஃபேன் மாட்டப் போயிருந்தேன். அஞ்சாங்கிளாஸோடு படிப்புக்குக் கும்பிடு போட்டவன் நான். படிப்பும் எனக்கு அதைவிடப் பெரிய கும்பிடாகப் போட்டது. ஏணியில் நிற்கும்போதுகூட யாராவது வாய்ப்பாடு கேட்டுவிடுவார்களோ என்று ஓர் உதறல்.

ஃபேனை ஓடவிட்டு இறங்கியதும் அந்த வகுப்பின் கணக்கு டீச்சர் வந்து ஒரு வயரை நீட்டினார். இடுப்பில் கட்டிக்கொள்கிற சின்ன ஸ்பீக்கர், வாயோரம் நிற்கிற மைக். நடுவிலிருந்த வயர் பீரோ கதவில் மாட்டி அறுந்திருந்தது.

"இத ஒட்ட முடியுமாண்ணா?" என்றார். அதைக் குரல் என்று சொல்ல முடியாது, வெறும் காற்று. தொண்டையில் ஆபரேஷன் ஆகி இரண்டு மாதமாம். "அடுத்த பீரியட் எச்.எம். வந்து உக்காந்து பாக்கப் போறாங்க. கடைசி பெஞ்சுக்குக் கேக்கலைன்னா என்னை ஆபீஸ் வேலைக்கு மாத்திடுவாங்க."

"எவ்ளோ நேரம் கீது டீச்சர்?"

"அரை மணி நேரம்."

என் பையில் ஈயத்தை உருக்கி ஒட்டுகிற இருபத்தைந்து வாட் சால்டரிங் அயர்ன் இருந்தது. அது சூடேற ஐந்து நிமிடம் ஆகும். என் மூளைக்கு இன்னும் அதிகம். கடைசி பெஞ்சுப் பக்கம்தான் பிளக் பாயின்ட். அங்கே உட்கார்ந்து அயர்னை ஈயத்தில் வைத்தேன், அழுத்தினேன், ஈயம் உருகவே இல்லை. அப்புறம்தான் மேலே பார்த்தேன். நான் மாட்டிய ஃபேன் சூட்டையெல்லாம் ஊதித் தள்ளிக்கொண்டிருந்தது.

"ஃபேன நிறுத்தும்மா" என்றேன், எனக்கு முன் பெஞ்சில் இருந்த மாணவியிடம்.

"இப்பதானே அங்கிள் மாட்டுனீங்க?"

வகுப்பே சிரித்தது. ஃபேன் நின்றது, நாற்பது பிள்ளைகளும் வேர்த்தார்கள். வயருக்குள் தலைமுடி மாதிரி இரண்டு கம்பிகள். மேல்பூச்சைச் சுரண்டி, அதனதன் ஜோடியோடு முறுக்கி, ஈயம் பிடிக்கிற பேஸ்ட் தொட்டு, சூடு வைத்தேன். ஈயம் தண்ணீர் மாதிரி உள்ளே ஓடிப் பளபளத்தது. தாம்பரத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் இப்படி ஒரு ஜாயின்ட் எவனும் போட்டிருக்க மாட்டான். தூக்கி வகுப்புக்கே காட்டினேன்.

அதே பெண் என் மடியைக் காட்டினாள். "அந்தக் கறுப்புக் குழாய் எதுக்கு அங்கிள்?"

அது ஸ்லீவ். கம்பிகள் ஒன்றையொன்று தொடாமல், கம்பிக்கு ஒன்றாக மூடுகிற உறை. ஒட்டுவதற்கு முன்பே வயரில் கோத்திருக்க வேண்டும். இப்போது ஒரு முனையில் மைக், மறுமுனையில் பிளக். எந்தப் பக்கத்திலிருந்தும் நுழையாது.

டேப் சுற்றிக் கொடுத்துவிட்டுக் கிளம்பியிருக்கலாம். ஆனால் டீச்சர் நடந்து நடந்து பாடம் எடுப்பவர். வயர் இழுபட்டால் டேப்புக்குள் கம்பிகள் தொட்டுக்கொள்ளும், பாதிக் கணக்கில் குரல் போய்விடும்.

"டீச்சர், திருப்பி அறுக்கணும். தப்பு என்னுதுதான்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிடம் இருந்தது. "அறுங்கண்ணா."

அறுத்தேன். "இந்த வாட்டி மொதல்ல இன்னா பண்ணணும்?" என்று வகுப்பைக் கேட்டேன்.

"ஸ்லீவ் போடணும்" என்று நாற்பது பேரும் கத்தினார்கள்.

போட்டேன், ஒட்டினேன். லைட்டரைக் காட்டியதும் உறை சுருங்கி இறுகப் பிடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்து எச்.எம். உள்ளே வந்தார்.

"யாரு இவரு? ஏன் ஃபேன் ஓடல?" அந்தப் பெண் எழுந்து ஃபேனைப் போட்டாள்.

டீச்சர் மைக்கை வாங்கிக்கொண்டு பலகைப் பக்கம் போய், மாட்டி, ஸ்விட்சைத் தட்டினார். "ஃபேன் மாட்ட வந்தவர் மேடம். உக்காருங்க, ஆரம்பிச்சிடலாம்." சொல் சொல்லாகக் கடைசி பெஞ்சுக்கு வந்து சேர்ந்தது.

எச்.எம். என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அந்தப் பக்கம் சுவர், வெளியே போக வழியில்லை. டீச்சர் பலகைக்கும் ஜன்னலுக்குமாக நடந்தார், குனிந்தார், திரும்பினார். ஒவ்வொரு திருப்பத்துக்கும் நான் வயரையே பார்த்தேன். பீரியட் முழுக்க ஒரு கரகரப்பு இல்லை.

பெல் அடித்ததும் எச்.எம். நோட்டை மூடினார். "வருஷம் முழுக்க நீங்களே எடுங்க டீச்சர்." பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குப் பாடம் புரிஞ்சுதா?"

"தெளிவா கேட்டுச்சு மேடம்" என்றேன்.