மஞ்சள் புடவை ஊர்வலம்

என் தாய்மாமாவுக்கு மூளை இருக்கிறது என்று எங்கள் குடும்பத்தில் யாரும் ஒப்புக்கொண்டதில்லை. ஆனால் போலீஸின் கண்ணில் மண்ணைத் தூவி எங்கள் ஆற்றங்கரைப் பெண்களை மயிலாப்பூர் வரை நடக்கவைத்தது அவருடைய மூளைதான்.

அடையாற்றின் கரையில் இருந்த எங்கள் வீடுகளை இடித்துவிட்டு, எங்களை ஊருக்கு வெளியே எங்கோ கொண்டுபோய்ப் போடப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். அங்கே போனால் அம்மாவின் வீட்டு வேலை போய்விடும், என் பள்ளிக்கூடமும் போய்விடும். அதனால் பெண்கள் ஒரு முடிவு செய்தார்கள். தாங்கள் வேலை செய்யும் தெருக்களில் எல்லாம் ஊர்வலமாக நடந்துபோய், 'இவர்கள் இங்கேயே இருக்கட்டும்' என்று அந்த வீட்டுக்காரர்களிடமே கையெழுத்து வாங்கி மனு கொடுப்பது. யார் வீட்டுப் பாத்திரத்தைத் தேய்க்கிறோமோ அவர்கள் சொன்னால் அதிகாரி கேட்பான் என்று ஒரு நம்பிக்கை. முதல் தடவை கோஷம் போட்டுக்கொண்டு கிளம்பியவர்களைப் பாலத்தைத் தாண்டுவதற்குள் போலீஸ் திருப்பி அனுப்பிவிட்டது.

அப்போதுதான் மாமா சொன்னார்: "ஆடி மாசம் நடந்துக்கினு கீது. அல்லாரும் மஞ்சப் பொடவ கட்டிக்கினு, தலையில பால்கொடம் வச்சிக்கினு போங்க. எவன் தடுக்கறான்னு பாக்கலாம்."

அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆத்தாவ வச்சி டிராமா போடச் சொல்றியா? கண்ணு அவிஞ்சி பூடும்." ஆனால் வேறு வழி? கடைசியில் பொய்யை மெய்யாக்கிவிடுவது என்று முடிவு செய்தாள். நிஜமாகவே விரதம் இருந்தாள், செருப்பைக் கழற்றிப் போட்டாள், வீடு தங்கினால் போதும் என்று வேண்டிக்கொண்டாள். எனக்கும் ஒரு மஞ்சள் பாவாடை கிடைத்தது.

மாமா வாக்கு பலித்தது. அன்றைக்கு லத்தியைக் காட்டிய அதே போலீஸ்காரர் இப்போது பஸ்ஸை நிறுத்தி எங்களுக்கு வழிவிட்டார். கோடம்பாக்கத்தில் மோர் கொடுத்தார்கள், தி.நகரில் கூழ் ஊற்றினார்கள். தார் ரோடு காலைச் சுட்டாலும் எனக்கு அது திருவிழாதான். காகிதத்தை நீட்டும்போதுதான் தகராறு. ஆடி மாதத்தில் மஞ்சள் புடவைக்காரி காகிதம் நீட்டினால், கூழ் ஊற்ற வசூல் என்றுதானே இந்த ஊரில் அர்த்தம்? பத்து ரூபாயைக் கையில் திணித்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, கதவைச் சாத்தினார்கள். "காசு வாணாம் சார், கையெயுத்து" என்றால் பார்க்கிற பார்வையே வேறு. ஆத்தாவுக்குப் பர்ஸைத் திறப்பார்கள், எங்களுக்காகப் பேனா மூடியைக் கழற்றமாட்டார்கள்.

அம்மா மட்டும் அசரவில்லை. மயிலாப்பூர் போய்ச் சேரட்டும், நம்ம வீட்டுக்காரம்மா இருக்காங்க என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அவள் வேலை செய்த வீடு அது.

அந்த வீட்டுக்காரம்மா குடத்தில் மஞ்சள் தண்ணீரோடு வாசலிலேயே நின்றிருந்தார். பால்குடம் சுமந்து வருகிறவள் அன்றைக்கு வேலைக்காரி இல்லை, அம்மன். வருவது யாரென்று நன்றாகத் தெரிந்தும், என் அம்மாவின் வெடித்த காலில் தண்ணீர் ஊற்றி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, நடுத்தெருவில் விழுந்து கும்பிட்டார். பின்வாசல் வழியாகவே போய்வந்த என் அம்மாவை! எனக்குப் புல்லரித்துவிட்டது.

அம்மா ஒரு கையால் குடத்தைப் பிடித்துக்கொண்டு, இடுப்பிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினாள். "ஒரே ஒரு கையெயுத்தும்மா. நீங்க போட்டா இந்தத் தெருவே போடும்."

அவர் நிதானமாகப் படித்தார். குரலில் துளிக்கூடக் கோபம் இல்லை. "இதுல நான் எப்படிம்மா போடறது? ஆத்தங்கரையில வாக்கிங் போறதுக்குப் பாதை வேணும்னு எங்க சார்தானே எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிக் குடுத்தாரு. பாவம், தினமும் பீச்சுல அந்தக் கூட்டத்துல இடிபட்டுக்கிட்டு நடக்கிறாரு. நானும் அதுல போட்டிருக்கேனே." பிறகு ஆறுதலாக, "விரதம் இருக்கே இல்ல, ஆத்தா பாத்துப்பா. நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வந்துடு, விருந்தாளிங்க வராங்க" என்றார்.

அம்மா காகிதத்தை மடித்துச் செருகிக்கொண்டு கோயில் வரை நடந்தாள். குடத்தை இறக்கிவைத்ததும் வாய்விட்டு அழுதாள். பக்தியில் அழுகிறாள் என்று நினைத்து, யாரோ ஒரு பெரியவர் அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

எங்கள் கரைக்குத் திரும்பியதும் நான் ஒவ்வொரு வீட்டு வாசலாக ஓடினேன். "எங்கம்மா கால்ல அந்த வூட்டம்மா வுயுந்து கும்ட்டாங்க!" என்று மூச்சிரைக்கச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. எங்களோடு கூடவே நடந்து வந்த பக்கத்து வீட்டு அத்தை, மஞ்சள் புடவையைக்கூட மாற்றாமல், பாத்திரங்களை எடுத்து மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். நாம்தான் ஜெயித்துவிட்டோமே, இவள் எதற்கு மூட்டை கட்டுகிறாள் என்று எனக்குப் புரியவே இல்லை.