ஒரு வயசு கூட்டிச் சொன்னவள்

செபஸ்தியம்மாளைப் பத்திக் கேட்டா, பிடிவாதக்காரின்னுதான் முதல்ல சொல்லுவேன். வடமதுரை ரோட்டு நூல்மில்லுல நானும் அவளும் ஒண்ணா வேலை பார்த்தோம். மகளுக்கு நாலு வயசு இருக்கையில புருஷன் லாரியில அடிபட்டுப் போயிட்டான். மறுமாசமே மில்லுக்கு வந்து நின்னா.

பிள்ளையை எங்க விடுறது? பால்வாடி மதியத்தோட மூடிரும். பள்ளிக்கூடம்னா சத்துணவும் உண்டு, சாயங்காலம் வரைக்கும் கவலையில்லை. ஆனா அஞ்சு முடிஞ்சிருக்கணும். அப்பெல்லாம் வலது கையைத் தலைக்கு மேல போட்டு இடது காதைத் தொடச் சொல்லித்தான் வயசு பார்ப்பாக. மக மரியசெல்விக்கு எட்டலை. இவ பிள்ளையோட தலையைச் செத்த சாய்ச்சு விட்டா, தொட்டுருச்சு. "அஞ்சு முடிஞ்சிருச்சுய்யா"ன்னு துணிஞ்சு சொல்லிட்டா. ஹெட்மாஸ்டரும் நம்பி எழுதிக்கிட்டார். ஊர்ல பாதிப் பேர் அப்படிச் சேர்ந்தவுகதான், யாரும் குத்தமா நினைக்கலை.

செல்வி காந்திகிராமத்துல இயற்பியல் படிச்சு, வடக்க ஒரு ஆராய்ச்சி நிலையத்துல சேர்ந்துச்சு. வெளிச்சத்தோட வேகத்தைக் குறைக்கிற ஆராய்ச்சியாம், எனக்கு எங்க வெளங்குது! இந்த வருஷம் தேசிய இயற்பியல் சங்கம் ஒண்ணு கொடுக்குற இளம் விஞ்ஞானி பதக்கத்துக்குச் செல்வியோட புரொபசரே பேரைச் சொல்றதா இருந்தார். பதக்கம் கிடைச்சா வேலை நிரந்தரமாகும், இல்லாட்டி ஒப்பந்தம் முடிஞ்சு வெளிய வரணும். வயசு முப்பத்தஞ்சு தாண்டக் கூடாது. நெசத்துல தாண்டலை, சர்டிபிகேட்ல தாண்டிருச்சு. ஞானஸ்நானம் கொடுத்த கோயில்ல சரியான தேதி இருக்குன்னு சொல்லியும், பள்ளிக்கூட சர்டிபிகேட்டுதான் செல்லும்னுட்டாக.

போன்ல செல்வி அழுதுச்சு. "யாரும்மா இப்படித் தப்பா எழுதுனது?"

"அந்த ஹெட்மாஸ்டர்தான்மா, இஷ்டத்துக்கு எழுதிட்டார்"னு இவ கூசாமச் சொல்றா, நான் பக்கத்துல இருக்கையிலயே. செத்துப்போன மனுசன் மேல பழியைப் போடுறாளேன்னு எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

அதுக்கப்புறம் அவளுக்குச் சோறு இறங்கலை. ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போவா, பாவத்தோட வாங்கக் கூடாதுன்னு நற்கருணை அப்பம் வாங்காம பெஞ்சுலயே உட்கார்ந்திருப்பா. "சாமியார்கிட்டயாவது சொல்லித் தொலையேன்டி"ன்னேன்.

"சொன்னா ஆண்டவர் மன்னிச்சுருவார் மாயக்கா. பதக்கம் போனது ஆண்டவருக்கா?"



ஈஸ்டருக்குச் செல்வி வந்தப்ப, எங்க ரெண்டு பேர் தட்டுலயும் சோத்துக்குத் தொட்டுக்க வெஞ்சனம் வச்சுக்கிட்டே செபஸ்தியம்மா சொல்லிட்டா. "ஹெட்மாஸ்டர் இல்லை. வயசைக் கூட்டிச் சொன்னது நான்தான். பயந்துபோய் உங்கிட்டப் பொய் சொல்லிட்டேன்."

செல்வி கையைத் தட்டுல இருந்து எடுத்துருச்சு. அப்புறம் மெல்லமாச் சொன்னுச்சு: "ரொனால்டுக்குப் போன் போட்டு, உங்கப்பன் என் வாழ்க்கையையே கெடுத்துட்டான்னு கத்திட்டேனேம்மா. என்னோட படிச்சவன். ஒரு வார்த்தை திருப்பிப் பேசலை, மன்னிச்சுக்கன்னான்."

ரொனால்டு அந்த ஹெட்மாஸ்டரோட மகன். செபஸ்தியம்மா சேலையைக்கூட மாத்தலை. நாங்க மூணு பேரும் அப்பவே வடமதுரைக்கு பஸ் ஏறுனோம். வழி நெடுக ஆத்தாவும் மகளும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கலை.

ரொனால்டு எல்லாத்தையும் கேட்டுட்டு, "எங்கிட்ட எதுக்கு அத்தை? அப்பாகிட்டச் சொல்லுங்க"ன்னு உள்ள கூட்டிட்டுப் போனான். சுவத்துல அவரோட படம் இருந்துச்சு. செபஸ்தியம்மா அதுக்கு முன்னால முட்டி போட்டா. "ஐயா, எம்பிள்ளைக்கு நீங்க இடம் கொடுத்தீக, நான் உங்களையே காட்டிக் கொடுத்துட்டேன்"னு சொல்லி விம்முனா.

செல்வி அவளைத் தூக்கி விடலை. தானும் பக்கத்துல முட்டி போட்டுக்கிருச்சு.