வாசமில்லாத ஒரு களிம்பு

என் மனைவி என்னை ஒருபோதும் அடித்ததில்லை. எங்கள் ஊரில் பலர் இதற்கு மாறாக நம்புகிறார்கள். பெண்கள் சிலர் அதை அவருக்குரிய ஒரு தகுதியாகவே கருதுகிறார்கள். இப்போது நான் கோயிலில் சுவாமியைத் தோளில் காவுவதில்லை. ஆகவே உண்மையை எழுதுவதில் எனக்கு நட்டமில்லை.

வட்டுக்கோட்டையில் கல்லூரிப் படிப்பை முடித்து, ஓய்வு பெறும்வரை இரசாயனவியல் கற்பித்தவன் நான். ஆயினும் ஊரில் எனக்கிருந்த மதிப்பு அதனால் மட்டும் வந்ததன்று. திருவிழாவில் சுவாமி வாகனத்தைத் தாங்கும் மரக்கொம்புகளில், முன்பக்கத்து வலக்கொம்பு என் தோளுக்கு உரியது. தபாற்கந்தோரில் பணியாற்றி ஓய்வு பெற்ற என் மனைவியின் தம்பிக்கு அந்த இடத்தின்மேல் நெடுநாளாகவே ஒரு கண். "அத்தான், வயசு போகுது. சுவாமி சரிஞ்சால் ஊருக்கே கூடாது," என்று ஆண்டுதோறும் மிகுந்த மரியாதையுடன் சொல்லுவார்.

ஓர் ஆண்டு, திருவிழாவுக்கு ஒரு கிழமை இருக்க, என் வலத்தோட்பட்டை வீங்கிக்கொண்டது. கையைத் தலைக்குமேல் தூக்க இயலவில்லை. இது மைத்துனருக்குத் தெரிந்தால் கொம்பு அன்றே கைமாறிவிடும்.

கனடாவிலிருந்து மகன் அனுப்பிய களிம்புகள் அலுமாரியில் இருந்தன. உருப்பெருக்கிக் கண்ணாடியுடன் அமர்ந்து அவற்றின் சேர்பொருட்களை வாசித்தேன். ஒன்றில் கற்பூரமும் மெந்தாலும். மற்றொன்றில் யூக்கலிப்டஸ் எண்ணெய். நோவுக்கு நல்லவைதாம். ஆனால் நான் வாசற்படலையைத் திறக்குமுன்பே அவற்றின் வாசம் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். மூன்றாவதில் மிளகாய்ச் சத்து. அதைப் பூசிக்கொண்டு வெயிலில் வியர்த்தபடி சுவாமி காவுவதை எண்ணிப் பார்த்து, மூடியைத் திருகி வைத்தேன்.

கடைசியில் கொடிகாமம் சந்தையில், வீட்டில் செய்த சவர்க்காரமும் எண்ணெயும் விற்கும் ஓர் அம்மாவிடம், மஞ்சளும் கற்றாழையும் சேர்த்த ஜெல் ஒன்றைக் கண்டேன். மஞ்சள் வீக்கத்தை வற்றச் செய்யும். கற்றாழை தோலைக் குளிர்விக்கும். திறந்து முகர்ந்தேன்.

"என்னையா, உது சாப்பிடுற சாமானே, மணந்து பாக்க?" என்றார் அவர்.

"வாசம் இல்லையே?"

"வாசம் வேணுமெண்டால் அங்காலை மல்லிகைப்பூ விக்குது."

இரண்டு போத்தல் வாங்கினேன்.

திருவிழாவுக்கு முதல்நாள் பின்னேரம், மனைவி உள்ளங்கை நிறைய அந்த ஜெல்லை எடுத்தார். "தேய்க்கட்டே?"

"தேய்க்காதை, நோகுது. வைச்சு அமத்து."

அவர் கையை என் தோட்பட்டையில் வைத்து நெடுநேரம் அழுத்தினார். "ஏனப்பா உந்த வீம்பு? தம்பி காவட்டுமன்."

"உன்ரை தம்பி காவினால் சுவாமி தபாற்கந்தோருக்குத்தான் போகும்."

மறுநாள் விடியலில் அவர் பூத்தொடுக்கக் கோயிலுக்குப் போய்விட்டார். நான் தோளைத் தேய்க்க அஞ்சி, கிணற்றடியில் வெறும் தண்ணீரை மட்டும் வார்த்துக் குளித்தேன். என் முதுகை நான் பார்க்க வழியில்லை. மெல்லிய மஞ்சள், எங்கள் நிறத்தில் பிறர் கண்ணுக்கும் தெரியாது.

கோயிலில், வழக்கம்போல் மேற்சட்டையின்றி வேட்டியும் சால்வையுமாக ஆண்கள் கூடி நின்றோம். மைத்துனர் நீரில் குழைத்த திருநீற்றுடன் வந்தார். "திரும்புங்கோ அத்தான், முதுகுக்குப் பூசி விடுறன்."

மறுத்தால் ஐயம் எழும். சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு திரும்பினேன். ஈரக்கை தாராளமாகப் பூசியது; பிறகு சட்டென்று நின்றது.

"அத்தான், உதென்ன?"

கோயிற் செயலாளரும் எட்டிப் பார்த்தார். "மாஸ்டர், அஞ்சு விரலும் அப்பிடியே கிடக்கு! நல்லாச் சிவந்து போச்சு."

"ஆரோ அறைஞ்சு போட்டினம்," என்றது ஒரு குரல்.

"ஆரோ எண்டு என்ன கதை? அந்த வீட்டிலை ரெண்டே பேர்தானே!"

எனக்கு உடனே விளங்கியது. திருநீறு சாம்பல், சாம்பல் காரத்தன்மை உடையது, காரம் பட்டால் மஞ்சள் சிவக்கும். இதை எத்தனையோ வகுப்புகளுக்குக் கடுதாசியில் செய்து காட்டியிருக்கிறேன். விளக்குவதற்கு இரண்டு வசனம் போதும். ஆனால் மூன்றாவது வசனம் தோள்நோவைப் பற்றியதாக இருக்கும். நான் மூலத்தானத்தைப் பார்த்துக் கும்பிட்டேன்.

செயலாளர் பெண்கள் பக்கம் திரும்பினார். "அக்கா, ஒருக்கால் இஞ்சை வாங்கோ. உது உங்கடை கையோ?"

மனைவி வந்தார். என் முதுகைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"ஓம், என்ரை கைதான்," என்றார். "சொல்வழி கேட்டால்தானே."

அதில் பொய் ஒரு சொல்லும் இல்லை. அவர் பூத்தொடுக்கத் திரும்பிவிட்டார்.

மைத்துனர் என்னைத் தூணுக்குப் பின்னால் அழைத்துச் சென்றார். அவருடைய கண்கள் கலங்கியிருந்தன.

"அத்தான், எனக்கு அந்தக் கை தெரியும். சின்னனிலை மாங்காய் களவெடுத்ததுக்கு எனக்கும் உதே இடத்திலைதான் விழுந்தது. இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் சொல்லாமல் இருந்திட்டியள்."

"இருக்கட்டும்," என்றேன்.

"இல்லை அத்தான். கொம்பை நீங்களே பிடியுங்கோ. நான் இனிக் கேக்க மாட்டன். உங்களுக்கும் எங்கையாவது ஒரு மரியாதை வேணுமே."

மேளம் முழங்கியது. கொம்பை வலத்தோளில் ஏற்றினேன். முதல் வீதி முடியுமுன் நோவினால் என் கண்களிலிருந்து நீர் வழிந்தது. பக்கத்தில் நடந்து வந்த மைத்துனர் தம் சால்வையால் அதைத் துடைத்துவிட்டு, என் காதருகே குனிந்தார்.

"அழாதேங்கோ, அத்தான். அக்காவோடை நான் கதைக்கிறன்."